வளரும் பிள்ளைக்குக் கிளிப் எப்போது?

பால்பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்து நிற்கும் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் பல்வரிசை பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில. பதில் சொல்பவர்கள் பல் சீரமைப்பு மருத்துவர்கள்.

மகளுக்கு 7 வயது. கீழ் முன்பற்கள் இரண்டும் பால்பல்லுக்குப் பின்னால் முளைத்து இரட்டை வரிசையாக நிற்கின்றன. பள்ளி முகாமில் பார்த்தவர் உடனே பிடுங்க வேண்டும் என்கிறார். அவ்வளவு அவசரமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

அவசரம் இல்லை. கீழ் முன்பல்லின் முளை, பால்பல்லின் வேருக்கு உட்புறமாகத்தான் தாடைக்குள் இருக்கிறது. அந்த வேரைக் கரைத்துக்கொண்டு அது மேலே வர வேண்டும். வேர் கரையத் தாமதமானால் புதுப்பல் நாக்குப் பக்கமாக வழி பிடித்து எட்டிப் பார்க்கும். பால்பல்லை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால், தினமும் ஆட்டிக்கொண்டே இருக்கும்படி பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள். இரண்டு, மூன்று மாதமாகியும் விழவில்லை, அல்லது கொஞ்சமும் அசையவே இல்லை என்றால் எடுத்துவிடலாம். தடை நீங்கியதும் நாக்கே புதுப்பல்லை முன்னால் தள்ளிவிடும். பல் சற்றுத் திரும்பி நின்றாலும் 2 மி.மீ. வரையிலான நெருக்கடி 8, 9 வயதுக்குள் பெரும்பாலும் தானே தளர்ந்துவிடும். அந்த வயதில் கீழ்வரிசையின் முன்பகுதி அகலம் கூடுகிறது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். "இடம் போதவில்லை, பக்கத்துப் பால் கோரைப்பல்லையும் எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அதை எடுத்தால் முன்பற்கள் உட்பக்கம் சாயும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் நடுக்கோடே அந்தப் பக்கம் நகரும். இன்றைக்குப் பார்க்க வரிசையாக இருக்கும். 10 வயதில் கீழ் நிரந்தரக் கோரைப்பல் வரும்போது அதற்கு இடம் இருக்காது.

என் பையனுக்கு எட்டரை வயது. மேல் முன்பற்கள் இரண்டும் விசிறிபோல் விரிந்து, நடுவில் இடைவெளி. "இப்போதே கிளிப் போட்டால் சீக்கிரம் முடியும்" என்கிறார்கள்.
– ஒரு தந்தை, ஈரோடு

போட வேண்டாம். இந்த வயதில் இந்தத் தோற்றம் இயல்பு. இன்னும் வெளியே வராத கோரைப்பற்கள், பக்கத்து வெட்டுப்பற்களின் வேரை அழுத்திக்கொண்டு எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் வேர்கள் ஒன்றையொன்று நெருங்கி, பற்களின் தலை வெளிப்பக்கம் விரிகிறது. 11, 12 வயதில் மேல் கோரைப்பல் வந்து சேரும்போது, 2 மி.மீ. வரையிலான இடைவெளி பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். இப்போதே கிளிப் மாட்டி, விரிந்த பற்களை நிமிர்த்தினால் பக்கத்துப் பல்லின் வேர், இறங்கி வரும் கோரைப்பல்லின் பாதையில் போய் நிற்கும். வேரே அரிக்கப்பட்டுப் போகலாம். அவசரப்பட்டுச் செய்கிற அழகு வேலை ஆரோக்கியமான பல்லைக் கெடுக்கிற இடம் இது.

இடைவெளி 2 மி.மீ.க்குக் கூடுதலாக இருந்தாலோ, முன்பற்களில் ஒன்று வந்து 6 மாதமாகியும் மற்றது வராவிட்டாலோ ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நடுவில் கூடுதல் பல் ஒன்று புதைந்திருந்து வழி மறிக்கலாம். உதட்டிலிருந்து ஈறுக்கு வரும் சதைநார் தடித்திருப்பதுதான் காரணம் என்று அதை இப்போதே வெட்டச் சொல்வதும் உண்டு. கோரைப்பல் வரும் முன் அதை வெட்டுவதில் பயனில்லை.

மகளுக்கு 8 வயது. வாயை மூடும்போது தாடை வலப்பக்கம் போகிறது. மேல்வரிசை குறுகல், அண்ணத்தில் அதை விரிக்கும் எக்ஸ்பாண்டர் கருவி வைத்துச் சாவியால் நாங்களே திருப்ப வேண்டும் என்கிறார்கள். இதையும் 12 வயதுவரை தள்ளிப்போடலாமா?
– ஒரு தாய், திருநெல்வேலி

இதைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் வீட்டிலேயே ஒன்று பாருங்கள். குழந்தை வாயை நன்றாகத் திறந்திருக்கும்போது முகவாய் நேராக இருந்து, கடிக்கும்போது மட்டும் பக்கவாட்டில் நகர்கிறதா? அப்படியானால் மேல்தாடை குறுகலாக இருப்பதால் பற்கள் முனையோடு முனை மோதுகின்றன; வசதியாகக் கடிக்க இடம் தேடித் தாடை ஒரு பக்கம் ஒதுங்குகிறது. வளரும் வயது முழுவதும் அப்படியே ஒதுங்கிக் கடித்தால் தாடையின் இரு பக்கமும் சமமாக வளராமல் போகக்கூடும். சில குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு பால் கோரைப்பற்களின் கூர் மட்டுமே இடிக்கும். அதைச் சற்றே தேய்த்துவிட்டால் போதும், கருவியே தேவைப்படாது. ஆகவே எது இடிக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எக்ஸ்பாண்டர் வேலை செய்யக் காரணம், அண்ணத்தின் நடுவில் ஓடும் எலும்பு மூட்டு இந்த வயதில் இறுகாமல் இருப்பதுதான். பதினாறு, பதினேழு வயதில் அது இறுகிப்போனால் எலும்பில் திருகு பொருத்தியோ அறுவை செய்தோதான் விரிக்க முடியும்.

சாவி விவரம்: ஒரு தடவை திருப்பினால் கால் சுற்று, சுமார் 0.25 மி.மீ. விரியும். பெரிய பிள்ளைகளுக்குத் தினமும் ஒன்று அல்லது இரண்டு திருப்பு வழக்கம். 8 வயதுக்கு மெதுவாக, இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று என்று சொல்வதுண்டு. சாவியே இல்லாமல் கம்பியின் விசையால் விரிகிற வகையும் இருக்கிறது. எத்தனை திருப்பு என்பது உங்கள் மருத்துவர் எழுதித் தந்த கணக்குதான். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துத் திருப்பக் கூடாது.

சாவியின் காதில் ஒரு நீள நூலைக் கட்டி உங்கள் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். கை தவறினால் தொண்டைக்குள் போகாது. குழந்தையைப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முன்பக்கத் துளையில் சாவியை நுழைத்து, தொண்டைப் பக்கம் முழுதாகத் தள்ள வேண்டும். அடுத்த துளை கண்ணுக்குத் தெரியும்வரை தள்ளினால்தான் ஒரு திருப்பு முடிந்தது. பாதியில் விட்டால் மறுநாள் துளையே அகப்படாது. சாவியை வெளியே எடுக்கும்போது முன்னோக்கி இழுக்காமல் கீழ்நோக்கி உருவுங்கள். இழுத்தால் திருப்பியது திரும்பிவிடும். எத்தனையாவது திருப்பு என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

திருப்பியதும் சில நிமிடம் மூக்குத் தண்டிலும் கன்னத்திலும் ஓர் அழுத்தம் தெரியும். சில நாட்களில் முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழலாம். அதைப் பார்த்துப் பெற்றோர் பதறுவது வழக்கம். மூட்டு திறந்திருப்பதற்கு அடையாளம் அது. சில மாதங்களில் தானே மூடும். தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே விரிப்பார்கள், பிறகு சற்றுச் சுருங்கும் என்பதால். திருப்புவது நின்ற பிறகு ஐந்தாறு மாதம் கருவி அப்படியே இருக்க வேண்டும். திறந்த இடத்தில் எலும்பு நிரம்ப அவ்வளவு காலம் வேண்டும். "வேலை முடிந்துவிட்டதே" என்று முன்னதாகக் கழற்றச் சொன்னால் விரிந்தது சுருங்கிவிடும்.

கடலைமிட்டாய், முறுக்கு, சூயிங்கம் மூன்றும் கருவி இருக்கும்வரை கூடாது. ஒரு பக்கம் சிமெண்டு விட்டுக் கருவி ஆடினால் திருப்புவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஒட்டாத பக்கம் உணவு நுழைந்து சில வாரங்களிலேயே பல் சொத்தையாகும்.

குழந்தை வாயால் மூச்சுவிட்டு, குறட்டையும் விடுகிறாள் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பாருங்கள். மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையின் வீக்கத்துக்கு எக்ஸ்பாண்டர் மருந்தல்ல.

பல் பிடுங்கினால் கண் பார்வை குறையும் என்று என் மாமியார் சொல்கிறார்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

குறையாது. பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

என் பேரனுக்கு 8 வயது. கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் நிற்கின்றன. அவன் அப்பாவுக்கும் இப்படித்தான். வளர்ந்தபின் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று மகன் அசட்டையாக இருக்கிறான்.
– ஒரு தாத்தா, காரைக்குடி

மகனிடம் சொல்லுங்கள்: காத்திருப்பதால் இழப்பு வருகிற பிரச்சினைகளில் இது முதல் வரிசை.

அவனைத் தாடையைப் பின்னால் இழுத்துக் கடிக்கச் சொல்லுங்கள். முன்பற்கள் முனையோடு முனை தொட்டால் நிலைமை எளிது. ஒன்றிரண்டு பற்கள் மட்டும் உட்பக்கம் சாய்ந்து முளைத்திருந்தால், சிறு கம்பிச் சுருள் வைத்த, கழற்றி மாட்டும் தட்டு ஒன்றே சில மாதங்களில் முன்னால் கொண்டுவந்துவிடும். அப்படியே விட்டால் இடிபடும் கீழ்ப்பல்லின் ஈறு கீழிறங்கும், பல் தேயும்.

மேல்தாடையே பின்தங்கியிருந்தால் ஃபேஸ் மாஸ்க் தேவை. வாய்க்குள் ஒரு கருவியை ஒட்டி, கோரைப்பல் அருகே கொக்கி வைப்பார்கள். நெற்றியிலும் முகவாயிலும் ஊன்றி நிற்கும் சட்டத்துக்கும் அந்தக் கொக்கிக்கும் இடையே ரப்பர் வளையம். முதல் ஒன்றிரண்டு வாரம் இலேசான ரப்பர். பிறகு ஒரு பக்கத்துக்கு 300 முதல் 450 கிராம் விசை. ரப்பர் நேராக இல்லாமல் சுமார் 30 பாகை கீழ்நோக்கி இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் கடிக்கும்போது மேல், கீழ் முன்பற்கள் தொடாமல் இடைவெளி விட்டு நின்றுவிடும். ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம். மாலை விளையாட்டு முடிந்து வந்ததும் மாட்டி, காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது கழற்றினால் கணக்கு சரியாக வரும். பள்ளிக்கு மாட்டிக்கொண்டு போகத் தேவையில்லை என்று தெரிந்தாலே பாதிப் பிள்ளைகள் சம்மதித்துவிடுகிறார்கள். ரப்பரைத் தினமும் மாற்ற வேண்டும். நம் ஊர் வெக்கையில் முகவாய்ப் பட்டைக்கு அடியில் வேர்த்துத் தோல் சிவக்கும். துவைத்த மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைத்துத் தினமும் மாற்றுங்கள். 6 முதல் 12 மாதம் ஆகும். 10 வயதுக்கு முன் தொடங்கினால்தான் தாடை அசையும். தாமதித்தால் பற்கள்தான் அதிகம் சாயும்.

இனி மறைக்கக் கூடாத விஷயம். கீழ்த்தாடை, ஆண் பிள்ளைகளுக்கு 18 வயதைத் தாண்டியும் வளரலாம். பரம்பரையாக இருக்கும் வீட்டில் மீண்டும் முன்னால் வர வாய்ப்பு உண்டு. பிரிட்டனில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வில், 10 வயதுக்கு முன் மாஸ்க் மாட்டியவர்களை ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அறுவை தேவை என்று மதிப்பிடப்பட்டவர்கள் 36 சதவீதம். எதுவும் செய்யாதவர்களில் 66 சதவீதம். அதாவது மூன்றில் இரண்டாக இருந்த ஆபத்து மூன்றில் ஒன்றாகியிருக்கிறது. ஒழியவில்லை, பாதியாகக் குறைந்திருக்கிறது. ஓர் ஆண்டு மாஸ்க்குக்கு அது நல்ல பலன் என்பது எங்கள் கருத்து. முடிந்த பிறகும் வருடம் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.

மகனுக்கு 9 வயது, எத்துப்பல். மேல்பல் 9 மி.மீ. முன்னால் நிற்கிறது என்று அளந்து சொன்னார்கள். ஒரு மருத்துவர் இப்போதே ட்வின் பிளாக் என்ற கழற்றி மாட்டும் கருவி போடலாம் என்கிறார், இன்னொருவர் 12 வயதில் வா என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், மதுரை

இரண்டும் சரியாக இருக்க முடியும். சீக்கிரம் ஒரு கட்டம், வளர்ந்தபின் இன்னொரு கட்டம் என்று இரண்டு முறை சிகிச்சை செய்தவர்களையும், வளர்ந்தபின் ஒரே முறை செய்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்திருக்கிறது. கடைசியில் தாடையும் பல்லும் வந்து நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். சீக்கிரம் செய்தவர்களுக்குக் கிடைத்த தெளிவான லாபம் ஒன்றே: விழுந்து முன்பல் உடைவது குறைந்தது.

ஆகவே உங்கள் வீட்டுக் கேள்வி வேறு. பையன் துறுதுறுப்பானவனா? உதடு மூடாமல் பல் வெளியிலேயே நிற்கிறதா? ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டதா? கேலிக்குப் பயந்து பள்ளிக்குப் போக மறுக்கிறானா? இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால் இப்போது செய்ய நியாயம் இருக்கிறது. இல்லையென்றால், உயரம் சடசடவென்று கூடும் காலத்துக்குக் காத்திருக்கலாம்: பெண்களுக்குப் பெரும்பாலும் 10 முதல் 12, ஆண்களுக்கு 12 முதல் 14 வயது. வயதைவிட வளர்ச்சிதான் கணக்கு. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கழுத்துப் பகுதி முதுகெலும்பின் வடிவத்தை வைத்து அதைக் கணிப்பார்கள். பெண் பிள்ளை பூப்படைந்து ஓராண்டு ஆகிவிட்டால் உச்ச வளர்ச்சி கடந்துவிட்டது என்று பொருள்.

ட்வின் பிளாக்கை ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் வில்லியம் கிளார்க் 1977இல் உருவாக்கினார். மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று; இரண்டிலும் சுமார் 70 பாகை சரிவு. வாயை மூடினால் கீழ்ச்சரிவு மேல்சரிவில் மோதி, தாடை முன்னால் வந்துதான் கடிக்க முடியும். சாப்பிடும்போதும் மாட்டியிருக்க வேண்டும் என்பதுதான் இதன் பலம். மெல்லும் விசையே அப்போது வேலை செய்கிறது. பல் துலக்கவும், நீச்சலுக்கும், மோதல் உள்ள விளையாட்டுக்கும் மட்டும் கழற்றலாம். 9 முதல் 12 மாதம். முதல் வாரம் பேச்சு குழறும், எச்சில் ஊறும். வீட்டில் தினமும் பத்து நிமிடம் பாடப் புத்தகத்தை உரக்கப் படிக்கச் சொன்னால் நாக்கு பழகிவிடும்.

இது தோற்பது பெரும்பாலும் பள்ளியில்தான். மதியச் சாப்பாட்டுக்குக் கழற்றி டிபன் பாக்ஸ் மூடியில் வைப்பான். அது குப்பைக்குப் போகும். சட்டைப்பையில் வைத்தால் உடையும். கொதிநீரில் கழுவினால் அக்ரிலிக் வளைந்துவிடும். பிரகாசமான நிறத்தில் ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள். பல் தூரிகையால் பச்சைத் தண்ணீரில் தேய்த்தால் போதும். ராத்திரி மட்டும் மாட்டுகிறான் என்றால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அளவில் தானே தெரிந்துவிடும், காலம்தான் வீண். இன்னொன்று: கிடைக்கிற முன்னேற்றத்தில் ஒரு பகுதி தாடை வளர்ச்சி, மறுபகுதி பற்கள் சாய்வது. "தாடையை வளர்த்துத் தருகிறோம்" என்று மட்டும் சொன்னால் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

எத்துப்பல் உள்ள பிள்ளை வீட்டில் இதுவும் தெரிந்திருக்க வேண்டும். நிரந்தரப் பல் முழுதாகப் பெயர்ந்து விழுந்தால், வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் பாலிலோ ஓடும் தண்ணீரிலோ சில விநாடி மட்டும் அலசி, உடனே குழியிலேயே செருகுங்கள். முடியாவிட்டால் காய்ச்சி ஆறிய பாலில் போட்டு எடுத்துக்கொண்டு, அரைமணிக்குள் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். பால்பல்லைத் திரும்பச் செருகக் கூடாது.

6 வயது மகளுக்குச் சொத்தையால் கீழ்ப் பால் கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டார்கள். இடத்தைக் காக்க 'ஸ்பேஸ் மெயின்டெய்னர்' என்ற கம்பி வைக்க வேண்டும் என்கிறார்கள். விழப்போகிற பல்லுக்கு எதற்குச் செலவு?
– ஒரு தந்தை, சேலம்

அந்தப் பால்பல் தானாக விழுவது 10, 11 வயதில். இன்னும் நாலைந்து வருடம் இருக்கிறது. எடுத்தது கடைசிப் பால்பல் என்றால், அதன் பின்னால் 6 வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் காலி இடத்தில் சாய்ந்து நகரும். முதல் 6 மாதத்தில்தான் அதிகம் நகரும், ஆகவே தாமதிக்காதீர்கள். பல்லைச் சுற்றி ஒரு வளையம், அதிலிருந்து ஒரு கம்பி வளைவு, அவ்வளவுதான் கருவி. இரு பக்கமும் பல் போயிருந்தால், கீழ் நிரந்தர முன்பற்கள் வந்தபின் உட்புறமாக ஒரே கம்பியை வளைத்து வைப்பார்கள். வைத்துவிட்டு மறந்துவிடுவதுதான் ஆபத்து: சிமெண்டு கரைந்து வளையத்துக்குள் சொத்தை பிடிக்கும், அல்லது அடியில் வரும் பல்லைக் கம்பியே தடுக்கும். நாலு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். எக்ஸ்ரேயில் புதுப்பல் எலும்பைத் தாண்டி ஈறுக்கு அருகே வந்திருந்தால் மட்டும் கம்பி வேண்டாம்.

ஐந்தரை வயது. இன்னும் விரல் சூப்புகிறான். வேப்பெண்ணெய் தடவியும் பயனில்லை.
– ஒரு தாய், நாகர்கோவில்

நாலு வயதுவரை கவலை இல்லை. நிரந்தர முன்பல் வருவதற்குள், அதாவது இன்னும் ஓராண்டில் நிற்க வேண்டும். எவ்வளவு அழுத்தி என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதுதான் பல்லைக் கெடுக்கிறது. ராத்திரி முழுக்கச் சூப்புவது மோசம். திட்டுவதை நிறுத்துங்கள். மிளகாய் தடவவே கூடாது, கண்ணில் படும். சூப்பாத நாளுக்குக் காலண்டரில் ஒரு நட்சத்திரம் ஒட்டச் சொல்லுங்கள். தூங்கும்போது முழங்கையில் மெல்லிய துணிப்பட்டையைத் தளர்வாகச் சுற்றினால் கை மடங்கும்போது உணர்ந்துகொள்வான். அவனே விட நினைத்தும் முடியவில்லை என்றால் அண்ணத்தில் கம்பி வேலி வைக்கலாம். பழக்கம் நின்றபின்னும் ஆறு மாதம் இருக்க வேண்டும். விட விருப்பமே இல்லாத பிள்ளைக்கு வைத்தால் கம்பியைத்தான் வளைப்பான்.

மகளுக்கு பத்தரை வயது. கோரைப்பல் வரும் அறிகுறியே இல்லை.
– ஒரு தாய், தஞ்சாவூர்

மேல் உதட்டைத் தூக்கி, பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறை விரலால் தடவிப் பாருங்கள். 10 வயதில் அங்கே ஒரு மேடு இரு பக்கமும் தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லை என்றால், இரு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுங்கள். பல் அண்ணத்தின் பக்கம் திரும்பியிருந்தால், பால் கோரைப்பல்லை எடுத்துவிட்டாலே பல நேரம் வழிக்கு வந்துவிடும். 1988இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் இப்படிச் செய்த பற்களில் 78 சதவீதம் சரியான பாதைக்குத் திரும்பின. பக்கத்துப் பல்லின் வேரைப் பாதிக்கு மேல் தாண்டாதவற்றில் 91 சதவீதம், தாண்டியவற்றில் 64. ஐந்து நிமிட வேலை. தள்ளிப்போட்டால் ஈறைத் திறந்து, சங்கிலி ஒட்டி இழுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். பக்கத்துப் பல்லின் வேரும் கரைந்திருக்கலாம்.

இப்போதே சிகிச்சை எடுத்தால் பிற்பாடு கிளிப்பே வேண்டாமா? பல்வரிசையைச் சரிசெய்ய வாயில் மாட்டிக்கொள்ளச் சொல்லி இணையத்தில் விற்கும் ரப்பர் 'டிரெய்னர்' வாங்கலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பெரும்பாலோருக்கு 12, 13 வயதில் கிளிப் வேண்டியிருக்கும். "இப்போது செய்தால் அப்போது வேண்டாம்" என்று உறுதி தருபவரிடம் எழுதிக் கேளுங்கள். அதோடு: இதை இரண்டு வருடம் கழித்துச் செய்தால் எதை இழப்போம்? இந்தக் கட்டம் எந்த மாதத்தில் முடியும்? அடுத்த கட்டச் செலவு தனியா? முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் காத்திருப்பதே நல்லது. 7 வயதில் ஒருமுறை பரிசோதித்துவிட்டு, பிறகு ஆறு மாதமோ ஒரு வருடமோ இடைவெளியில் பார்த்துவந்தால் போதும். பல பிள்ளைகளுக்கு அந்தப் பரிசோதனையின் முடிவு "இப்போது ஒன்றும் வேண்டாம்" என்பதுதான்.

அளவெடுக்காமல் விற்கும் டிரெய்னரை வாங்க வேண்டாம். குறுகிய அண்ணத்தையோ முன்னால் வந்த கீழ்த்தாடையையோ அது சரிசெய்யும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. அதை நம்பி உட்கார்ந்திருக்கும்போது ஃபேஸ் மாஸ்க்குக்கான வயது கடந்துவிடும். மருத்துவர் ஆர்த்தோடான்டிக்ஸில், அதாவது பல் சீரமைப்பில், எம்.டி.எஸ். மேற்படிப்பு முடித்தவரா என்று பாருங்கள். செலவு இடித்தால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கலாம் என்பதால் பிள்ளையின் வயதையும், எந்தக் குறைக்காக வருகிறீர்கள் என்பதையும் பதிவுச் சீட்டு வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.